ஓலையும் உழைப்பும்: கடகத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

மொன்றியலில் எம்மவர் நடத்தும் பொங்கல் விழாக்களிலும் கலைவிழாக்களிலும் மேடையோரத்தில் ஒரு கடகமும் ஒரு சுளகும் ஒரு நீத்துப்பெட்டியும் வைப்பது வழக்கமாகிவிட்டது. 'எமது பாரம்பரியம்' என்கிறார் அறிவிப்பாளர். அந்த 'எமது' என்ற சொல்லில்தான் எனக்குச் சிக்கல். யாழ்ப்பாணத்துப் பெட்டி, கடகங்களின் வரலாறு இழைத்த கைகளின் வரலாறு மட்டுமல்ல. பனை யாருடைய காணியில் நின்றது, அதில் யார் ஏறினார், ஓலை யாருக்குப் போய்ச்சேர்ந்தது என்பவற்றின் வரலாறுமாகும். கடகத்தை மேடைக்குக் கொண்டுவந்த நாம் மற்றவற்றை ஊரிலேயே விட்டுவிட்டோம்.

இங்கு பிறந்து வளர்ந்தவர்களுக்காகத் தொழிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். முற்றாத சார்வோலையை வெட்டி, வெயிலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்தெடுக்கவேண்டும். வார்ந்தது பிசகினால் பெட்டியின் மூலை கோணும். மண்ணும் எருவும் நெல்லும் சுமக்கும் கடகத்தை இரட்டையாக இழைத்து, விளிம்பை நாரால் கட்டுவார்கள். புட்டவிக்கக் கூம்பு வடிவில் நீத்துப்பெட்டி, பனங்கட்டிக்குக் குட்டான், மீனுக்கு உமல், பானை இருத்தத் திருகணை, வெற்றிலைபாக்குக்குக் கொட்டைப்பெட்டி. கிணற்றிலிருந்து துலாவால் நீர் இறைக்கும் பட்டையும் பனையோலைதான். யாழ்ப்பாணத்துப் புகையிலைப் பொருளாதாரம் பற்றிப் பெருமையோடு எழுதுகிறோமே, அந்தத் தோட்டங்களுக்கு நீர் ஓலைப்பட்டையில் ஏறிவந்தது. அதே தோட்டங்களில் ஓலையே பசளையாகவும் புதைக்கப்பட்டது. கூரை, வேலி, மாட்டுக்குத் தீனி என்று ஓலைக்கு வேறு உரித்தாளிகளும் இருந்தார்கள். பெட்டி இழைப்பவளின் பங்கு இவற்றுக்குப் பிறகுதான்.

1850இல் வில்லியம் பேர்குசன் பனைபற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல், பனையின் 801 பயன்களைச் சொல்லும் 'தால விலாசம்' என்ற தமிழ்ச் செய்யுளைக் குறிப்பிடுகிறது. அன்றிலிருந்து அந்த எண்ணை நாம் ஓயாமல் சொல்லிவருகிறோம். பயன்களை எண்ணியவர்கள் பயன்படுத்திய கைகளை எண்ணவில்லை. ஒல்லாந்தரின் கணக்குகளில் பனைமரம் ஏற்றுமதிப் பொருளாக இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் கள் மதுவரிப் பொருளாக இருக்கிறது. கடகத்துக்கு எவரும் வரி விதிக்கவில்லை. ஆகவே அதை இழைத்தவள் எந்த ஏட்டிலும் இல்லை. வரலாற்று மாணவன் என்ற வகையில் இது எனக்குப் புதிதல்ல; அரசு எதைப் பறித்ததோ அதைத்தான் ஆவணம் பாதுகாத்து வைத்திருக்கிறது.

வீட்டுத் தேவைக்கு எல்லாச் சாதிப் பெண்களும் ஓரளவு இழைத்தார்கள் என்பது உண்மையே. ஆனால் விற்று உலை வைப்பதற்காக இழைத்தவர்கள் பெரும்பாலும் நளவர், பள்ளர் குடும்பங்களின் பெண்கள். காணியும் மரமும் பெரும்பாலும் வெள்ளாளருடையவை. அவள் இழைத்த நீத்துப்பெட்டியில் அவித்த புட்டை உண்டவர்கள், அவளை அடுக்களைக்குள் விடவில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தபின்னரும் தேநீர்க்கடைகளும் கோவில்களும் திறக்கப்படுவதற்குப் போராட்டங்கள் தேவைப்பட்டன. 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்தது நாம் அறிந்ததே. இதைச் சொன்னால் 'இங்கு வந்தும் சாதியா?' என்று நண்பர்கள் கோபிக்கிறார்கள். சாதியை நான் கொண்டுவரவில்லை. கடகத்தைக் கொண்டுவந்தவர்கள் அதையும் சேர்த்துத்தான் கொண்டுவந்தார்கள்.

1977இன் திறந்த பொருளாதாரத்தோடு மலிவான பிளாஸ்ரிக் வாளியும் பையும் வந்து குவிந்தன. அடுத்த ஆண்டே, 1978இல், பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. சந்தை கைவிட்ட பொருளை அரசு 'கைவினை' ஆக்கிய காலம் அது. கடகம் இழைத்தவர்கள் கைப்பையும் சுவர் அலங்காரமும் இழைக்கப் பழகினார்கள். நான் வேலைசெய்யும் தொழிற்சாலையில் அச்சிலிருந்து விழும் உடுப்புக்கூடைகளின் பக்கங்களில் பின்னல் கோலம் பொறிக்கப்பட்டிருக்கிறது. பின்னாத பொருளுக்குப் பின்னல் வேடம் ஏன் என்று விரிவுரை மண்டபத்தில் ஒரு மணித்தியாலம் பேசியிருப்பேன். இங்கு அடுத்த கூடை விழுமுன் முதற்கூடையை எடுத்துவிடவேண்டும்.

கைவினை இவ்வாறு மாறியதை 'சீரழிவு' என்போருக்கு, எமக்கு அருகிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சென் லோறன்ஸ் நதியின் தென்கரைப் பக்கமாகவுள்ள ஒடனாக் கிராமத்து அபெனாகி மக்கள், வேட்டைநிலம் சுருங்கிய பின் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூடைகளை விற்று வாழ்ந்தார்கள். கோடையில் குடும்பம் குடும்பமாக நியூ ஹாம்ஷயர் மலைவாசத் தலங்களுக்கும் அத்லாந்திக் கரைக்கும் போய், உல்லாசப் பயணிகளுக்கு விற்றார்கள். ஆண்கள் கறுப்பு ஆஷ் மரத்தை அடித்து ஆண்டு வளையங்களைப் பிரித்தெடுத்தார்கள். பெண்கள் அந்த நாரைச் சிறு பற்கள் கொண்ட கருவியால் ஒரே அகலத்தில் கிழித்து, சாயமேற்றி, நறும்புல்லோடு சேர்த்துப் பின்னினார்கள். இன்று 'தொன்மை' என்று காட்சிக்கு வைக்கப்படும் அலங்காரக் கூடைகள் பல அந்தச் சந்தைக்காக உருவானவை. அதனால் அவை போலியாகிவிடவில்லை. 1965இல் தமது கிராமத்திலேயே அருங்காட்சியகம் அமைத்த அம்மக்கள், கூடையோடு அதை விற்கப் போன பயணத்தையும் தம் வரலாறாகச் சொல்கிறார்கள். எம்மிடம் இல்லாதது இதுதான்.

அவர்களது தொழிலுக்கு இன்று வந்திருக்கும் ஆபத்தும் மரத்திலிருந்துதான் தொடங்குகிறது. 2002இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட ஆசியப் பச்சை வண்டு 2008இல் கியூபெக்கிலும் 2011இல் மொன்றியலிலும் காணப்பட்டது. எமது தெருக்களிலும் ஆஷ் மரங்கள் வெட்டப்பட்டன. ஒன்ராறியோ, கியூபெக், நியூயோர்க் எல்லைகள் கூடும் அக்வெசாஸ்னேயின் மோஹோக் கூடைக்காரர்களுக்கும் அதே கவலை.

எமது பனைகள் போரில் பதுங்குகுழிகளுக்காக எல்லாத் தரப்பாராலும் தறிக்கப்பட்டன. ஆனாலும் ஓலை அரிதானதற்கு அது மட்டும் காரணமல்ல. மரமேறியவர்களின் பிள்ளைகள் ஏற மறுத்தார்கள். உயிரைப் பணயம் வைத்து ஏறி, இறங்கியபின் இழிவையும் சுமந்த தகப்பனைக் கண்ட பிள்ளை வேறென்ன செய்யும்? அந்த விடுதலையைப் பண்பாட்டு இழப்பென்று இங்கிருந்து புலம்ப எமக்கு உரிமையில்லை. ஆனால் ஏறுபவன் இறங்கிவிட்டால் இழைப்பவளுக்கு ஓலை இல்லை என்பதும் உண்மை. அவளுக்கு எஞ்சியிருப்பது நிலத்தில் நின்றே வெட்டக்கூடிய வடலியோலை. போருக்குப் பின் கணவரை இழந்து குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்கள் பலர் வடக்கில் இருக்கிறார்கள். அவர்களுள் இழைத்துச் சீவிப்போருக்கு வடலி நிற்கும் காணியில் சொந்தம் அரிது. வெளிநாட்டுக் காசில் நாம் வாங்கி, மதில் கட்டுவதற்காகத் துப்புரவாக்கும் காணிகளில் முதலில் அழிவது அந்த வடலிதான். அடுத்த விழாவுக்குக் கடகம் எடுப்பிக்கும்போது, அந்தக் காணிகளில் ஓலை வெட்ட அவளை விடுவோமா என்பதையும் சேர்த்து விவாதிக்கலாம்.