நேபாப்

நேபாப் என்பது செல்வத்தாலோ பதவியாலோ தம்மைப் பெரிய மனிதராகக் கருதிக்கொண்டு நடப்பவரைச் சற்று எள்ளலுடன் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகும். இந்தியாவில் வழங்கிய நவாபு என்னும் பட்டத்தின் திரிந்த வடிவமே இது. 18 ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில், கிழக்கிந்தியக் கம்பனியின் பணியில் பொருள் குவித்து இங்கிலாந்து திரும்பியவர்களை ஏளனம் செய்ய இச்சொல் பெரிதும் பயன்பட்டது. இன்றைய பொதுப்பொருள் அதிலிருந்து விரிந்ததாகும். சொல் வளர்ந்த வரலாற்றில் சென்னைக்கும் ஆற்காட்டுக்கும் தஞ்சாவூருக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

சொற்பிறப்பு

அரபு மொழியில் நாயிப் என்பதற்குப் பதிலாள், பிரதிநிதி என்று பொருள். அதன் பன்மை நுவ்வாப். தமிழில் ஒருவரையே 'அவர்' என்று பலர்பாலில் சுட்டுவது போல, இப்பன்மை வடிவமும் மரியாதை கருதி ஒருவருக்கே வழங்கலாயிற்று. முகலாயப் பேரரசில் பேரரசரின் சார்பில் மாகாணங்களை ஆண்டவர்கள் நவாபு எனப்பட்டனர். போர்த்துக்கேய மொழியில் இது நபாபோ என்றும், 17 ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் நேபாப் என்றும் ஆனது. தொடக்கத்தில் இது வெறும் பதவிப் பெயரே. இகழ்ச்சிப் பொருள் எதுவும் இல்லை. மூலத்தில் இன்னொருவருக்காக நிற்பவரைக் குறித்த சொல், தம்மையே பெரிதாக எண்ணுபவரைக் குறிக்கும் சொல்லாக மாறியது விந்தையே.

பொருள் மாற்றம்

கம்பனியின் பணியில் இளைஞர்கள் முதலில் எழுத்தராகச் சேர்ந்தனர். எழுத்தரின் ஆண்டுச் சம்பளம் நெடுங்காலம் 5 பவுண்டு மட்டுமே. ஆனால் ஆசியத் துறைமுகங்களுக்கிடையே சொந்த வணிகம் செய்ய அவர்களுக்கு இசைவு இருந்தது. செல்வம் வந்தது சம்பளத்தால் அன்று. சொந்த வணிகம், வட்டித்தொழில், உள்நாட்டு அரசர்கள் அளித்த 'அன்பளிப்பு' ஆகியவற்றாலேயே. சென்னை ஆளுநராக 1698 முதல் 1709 வரை இருந்த தாமசு பிட் இதற்கு முன்னோடி. இவர் ஏறத்தாழ 20,000 பவுண்டுக்கு வாங்கிய வைரம் 1717 இல் பிரெஞ்சு ஆட்சிப் பொறுப்பாளருக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்கப்பட்டது.

1757 இல் நடந்த பிளாசிப் போருக்குப் பின்னர் தொகைகள் பெருகின. இராபர்ட் கிளைவ் மீர் சாபரிடமிருந்து 2,34,000 பவுண்டு பெற்றார்; ஆண்டுக்கு 27,000 பவுண்டு அளவிலான சாகீர் வருவாய் இதற்குப் புறம்பானது. 1760 இல் இங்கிலாந்து திரும்பிய அவர் அடுத்த ஆண்டே நாடாளுமன்ற உறுப்பினரானார். இத்தகையோர் பண்ணை நிலங்களையும் மாளிகைகளையும் நாடாளுமன்றத் தொகுதிகளையும் விலைக்கு வாங்குவதைக் கண்ட பழைய நிலவுடைமைக் குடும்பங்கள் கொதித்தன. அந்தக் கொதிப்பிலிருந்தே நேபாப் என்னும் சொல் கூர்மை பெற்றது. கறியுணவு, ஊக்கா, தமிழரின் மிளகுத் தண்ணீரிலிருந்து பிறந்த 'மல்லிகட்டானி' எனும் சாறு ஆகியவையும் ஏளனத்துக்கு உள்ளாயின. உண்மையில் பெருஞ்செல்வத்துடன் மீண்டவர் சிலரே. கடல் கடந்து வந்த இளைஞர்களில் பலர் நோயுற்று இந்தியாவிலேயே மாண்டனர்.

சாமுவேல் ஃபூட் எழுதிய 'த நேபாப்' என்னும் நகைச்சுவை நாடகம் 1772 இல் இலண்டனில் மேடையேறியது. அதன் தலைமைப் பாத்திரத்தின் பெயர் சர் மத்தேயு மைட். மைட் என்பது கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுயிரைக் குறிக்கும். கடன்பட்ட பழங்குடும்பம் ஒன்றை மிரட்டி அதன் மகளை மணக்க முயலும் இவர், தொகுதி ஒன்றை விலை பேசுகிறார். தொல்பொருள் அறிஞர் சங்கத்தில் சேர்ந்து விட்டிங்டனின் பூனை பற்றிச் சொற்பொழிவும் ஆற்றுகிறார். பழங்கதையில் வரும் அப்பூனை உண்மையில் ஒருவகைக் கப்பலே என்பது அவரது 'ஆய்வு முடிவு'. பணத்தோடு அறிவுப் பெருமையும் தமக்கு வந்துவிட்டதாக எண்ணும் இக்காட்சியே, சொல்லின் இன்றைய பொருளுக்கு மிக அண்மையில் உள்ளது.

ஆற்காட்டுக் கடன்கள்

இலண்டனில் நேபாப் நகைப்புக்குரியவர். அவர் பொருள் ஈட்டிய இடத்தில் நிலைமை வேறு. கருநாடகப் பகுதியை 1749 முதல் 1795 வரை ஆண்ட ஆற்காட்டு நவாபு முகம்மது அலி வாலாசா, கம்பனிப் படைகளின் துணையாலேயே பதவியைத் தக்கவைத்துக்கொண்டார். அப்படைகளின் செலவை அவரே ஏற்க வேண்டியிருந்தது. அதற்குப் பணம் இல்லாதபோது கம்பனியின் ஊழியர்களே தனிப்பட்ட முறையில் உயர்ந்த வட்டிக்குக் கடன் கொடுத்தனர். ஈடாக, நவாபு தம் சீமைகளின் நிலவரி வருவாயை எழுதிக் கொடுத்தார். ஆக, கம்பனிக்கு நவாபு கடனாளி. கம்பனியின் ஊழியருக்கும் அவரே கடனாளி. இரண்டையும் அடைத்தது உழவரின் விளைச்சல்.

கடன் கொடுத்தோருள் பெயர்பெற்றவர் 1764 இல் சென்னைக்கு வந்த பால் பென்ஃபீல்டு. சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவர் இவரே எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. 1773 இல் நவாபு கம்பனிப் படையுடன் தஞ்சாவூரைக் கைப்பற்றினார். 1776 இல் ஆளுநர் பிகட் பிரபு, மேலிட ஆணைப்படி, தஞ்சையை மராத்திய மன்னர் துளசாவுக்குத் திருப்பி அளித்தார். உடனே பென்ஃபீல்டு, தஞ்சை வருவாயிலும் வயலில் நின்ற பயிரிலும் தமக்கு ஏறத்தாழ 2,30,000 பவுண்டு பாத்தியதை உண்டு என்றார். ஆளுநர் அதை ஏற்கவில்லை. ஆலோசனைச் சபையின் பெரும்பான்மையினரோ கடன்காரர்களின் பக்கம் நின்று ஆளுநரையே சிறைப்பிடித்தனர். பிகட் 1777 இல் காவலிலேயே இறந்தார். சிறு சம்பள ஊழியர் ஒருவரின் கடன் பத்திரத்துக்காக மாகாண ஆளுநர் பதவி இழந்த இந்நிகழ்ச்சிக்கு ஈடாகக் கம்பனி வரலாற்றில் மற்றொன்றைக் காட்டுவது அரிது.

1785 பெப்ரவரி 28 அன்று எட்மண்டு பர்க் இக்கடன்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் நீண்ட உரையாற்றினார். கடன்களின் உண்மையை விசாரிக்காமலே அவற்றைக் கருநாடக வருவாயிலிருந்து அடைக்க அரசு முடிவு செய்திருந்தது. பென்ஃபீல்டு தம்மையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தவர் என்றும், அரசின் தாராளத்துக்கு அதுவே காரணம் என்றும் பர்க் சாடினார். முடிவு மாறவில்லை. 1801 இல் கருநாடகத்தின் ஆட்சி கம்பனியின் கைக்கு முழுவதுமாகச் சென்றது. பின்னர் எழுந்த கடன் கோரிக்கைகளை விசாரிக்க 1805 இல் ஆணையம் அமைக்கப்பட்டது. அது உண்மையென ஏற்ற தொகை, கோரப்பட்டதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. எஞ்சியவை பொய்யாகவோ மிகையாகவோ எழுதப்பட்டவை. முந்தைய கடன்கள் விசாரணையின்றி அடைக்கப்பட்டதால் தமிழ்நாட்டு உழவர் எவ்வளவு மிகையாகச் செலுத்தினர் என்பது இதிலிருந்து ஊகிக்கத்தக்கது. பென்ஃபீல்டு 1810 இல் பாரிசில் வறுமையில் இறந்தார்.

எள்ளல் நாடகங்களும் கேலிப்படங்களும் நேபாபின் உடையையும் உணவையும் விடாமல் கேலி செய்தன. இந்தப் பயிரையும் வரியையும் அவை அரிதாகவே தொட்டன. 1770 ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சம் அங்கே சினத்தைத் தூண்டியது உண்மை. எனினும் மேட்டுக்குடியினரின் முதன்மையான குறை, தகுதியற்றவர் தம் வரிசையில் வந்து அமர்ந்தனர் என்பதாகவே இருந்தது.

இவர்கள் விட்டுச்சென்ற அடையாளங்கள் பிரித்தானியாவில் இன்றும் உள்ளன. இசுக்காட்லாந்தின் ஃபைரிசு மலைமேல் படைத்தலைவர் எக்டர் மன்றோ 1782 இல் எழுப்பிய கல்வளைவு, முந்தைய ஆண்டு ஒல்லாந்தரிடமிருந்து தாம் கைப்பற்றிய நாகப்பட்டினத்தின் கோட்டை வாயிலை ஒத்தது எனப்படுகிறது.

பிற்காலப் பயன்பாடு

19 ஆம் நூற்றாண்டில் இந்தியத் தொடர்பு மெல்ல மறைந்து, எந்நாட்டுச் செல்வந்தருக்கும் இச்சொல் பொதுவாயிற்று. பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்சு தோதே 1877 இல் 'நபாப்' என்னும் தலைப்பிலேயே ஒரு புதினம் எழுதினார். அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் இசுபைரோ அக்னியூ 1970 இல் சான் டியேகோவில், எதிலும் குறை காண்போரை நேபாப்கள் என்று மோனைத் தொடர் ஒன்றில் சாடினார். தொடரை ஆக்கியவர் அவரது உரைகளை எழுதிய வில்லியம் சஃபையர். அதன் பின்னர் பணம் இல்லாவிடினும் கருத்துரைக்கும் உரிமை தமக்கே உண்டு என எண்ணுவோருக்கும் இச்சொல் பொருந்தலாயிற்று.

முகலாய அரசவையிலிருந்தே ஆங்கிலத்துக்குச் சென்ற 'மோகல்' என்னும் சொல் திரைப்பட, ஊடகத் துறை முதலாளிகளைப் பெரும்பாலும் வியப்புடன் குறிக்கும். நேபாபில் நகைப்பே மிகுதி. ஆங்கிலேய அதிகாரிக்கு மரியாதையாக வழங்கிய 'துரை' என்ற சொல், பின்னர் தமிழ்ப் பேச்சில் மிடுக்குக் காட்டுபவரைக் கேலி செய்யப் பயன்படுவது இதற்கு நேரெதிர்த் திசையில் நிகழ்ந்த மாற்றம் எனலாம்.

பழைய ஆங்கில ஆவணங்களைப் படிப்போர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 'ஆற்காட்டு நேபாப்' என அவற்றில் வருவது உண்மையான நவாபையே சுட்டும். பர்க்கின் உரைத்தலைப்பில் உள்ளதும் அதுவே. ஆங்கிலேயர் ஒருவரின் பெயரோடு வரும்போது மட்டும் அது ஏளனப் பெயராகும்.