கார்டிகன்

கார்டிகன் (பெயர்ச்சொல்): முன்புறம் முழுக்கத் திறந்திருக்கும் கம்பளிப் பின்னல் மேலாடை, பெரும்பாலும் பொத்தான் உண்டு. தலைவழியே மாட்டும் ஸ்வெட்டரிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அந்தத் திறப்புதான்.

பிறப்பு: பிரிட்டிஷ் தளபதி ஜேம்ஸ் பிரூடனெல், 7ஆவது கார்டிகன் பிரபு. கிரீமியப் போரில், 1854 அக்டோபர் 25 அன்று, பாலக்லாவாவில் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கி இலகு குதிரைப்படையை நடத்திச் சென்றவர். அவர் அணிந்ததாகச் சொல்லப்படும் கம்பளிச் சட்டைக்கு அவரது பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. பட்டப்பெயரின் மூலம் வேல்ஸின் கார்டிகன் நகர். அதற்கும் முந்தைய வேர் 'கெரெடிகியான்'. வேல்ஸ் மொழியில் 'கெரெடிக்கின் நாடு' என்று பொருள். கெரெடிக் பழங்கதைகள் சொல்லும் ஓர் அரசன்.

உறவுச்சொற்கள்: அதே போர் இன்னும் இரண்டு உடைச்சொற்களைத் தந்தது. கழுத்திலிருந்து சாய்வாக இறங்கும் 'ராக்லன்' கை, பிரிட்டிஷ் படைத்தலைவர் ராக்லன் பிரபுவின் பெயர். முகம் மூடும் குல்லாய் 'பாலக்லாவா', போர் நடந்த ஊரின் பெயர்.

கிரானி ஸ்கொயர் கார்டிகன்: குரோஷே ஊசியால் போட்ட சதுரங்களை இணைத்துச் செய்வது. 'குரோஷே' பிரெஞ்சில் சிறு கொக்கி. 'கிரானி' ஆங்கிலத்தில் பாட்டி. நடு வளையத்திலிருந்து மும்மூன்று தையல்களாகச் சுற்றிச்சுற்றி வளரும் இச்சதுரத்தின் செய்முறை 1885இலேயே அமெரிக்க இதழான 'பிரெய்ரி ஃபார்மர்' பக்கங்களில் வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் நிறம் மாற்றலாம் என்பதால் மிச்ச நூல்கண்டுகள் இதில் தீர்ந்துபோகும்.

வழக்கு: 'குளிருக்குக் கார்டிகன் போட்டுக்கொள்.'