மதிப்பு முதலீடு

மதிப்பு முதலீடு என்பது, ஒரு கம்பெனியின் பங்கைச் சந்தையில் அன்றாடம் கூறப்படும் விலையைக் கொண்டு எடைபோடாமல், அதன் ஆஸ்திகளையும் கடன்களையும் சம்பாதிக்கும் சக்தியையும் ஆராய்ந்து மெய்யான பெறுமானத்தை நிதானித்து, அப்பெறுமானத்துக்குக் கணிசமாகக் குறைந்த விலையில் கிடைக்கும்போது மட்டுமே வாங்கும் முறையாகும். நிலம் வாங்குகிறவர், பக்கத்து வயல் என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்பதோடு நில்லாமல், இந்த வயல் வருஷத்துக்கு எத்தனை கலம் காணும், கோடையில் கிணறு வற்றுமா என்று விசாரிப்பது எவ்வளவு பழைய வழக்கமோ, அவ்வளவு பழையதுதான் இதன் அடிப்படை எண்ணமும். ஆயினும் பங்குச் சந்தைக்குரிய ஒரு சாஸ்திரமாக அது வகுக்கப்பட்டது இருபதாம் நூற்றாண்டில், நியூயார்க் நகரத்தில்.

வகுத்தவர் பெஞ்சமின் கிரஹாம். 1894-இல் லண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே நியூயார்க்குக்குக் கொண்டுவரப்பட்ட இவர், சிறு வயதில் தந்தையை இழந்தார்; 1907-ஆம் வருஷத்து நிதி நெருக்கடியில் தாயாரின் சேமிப்பும் போயிற்று. கொலம்பியாவில் படித்து 1914-இல் வால் ஸ்ட்ரீட்டில் அடியெடுத்து வைத்தபோது, கடன்பத்திரம் வாங்குவதே முதலீடு, பங்கு வாங்குவது சூதாட்டத்துக்கு அடுத்த வீடு என்பதே அங்கு பெரியவர்களின் அபிப்பிராயமாக இருந்தது. வதந்தியைக் கேட்டுப் பங்கு வாங்கியவர்கள் அநேகர். கணக்கைப் படித்து வாங்கியவர்கள் சொற்பம்.

கணக்கைப் படிப்பதனால் என்ன கிட்டும் என்பதற்கு, 1926-இல் கிரஹாம் கண்டெடுத்த நார்தர்ன் பைப்லைன் கம்பெனியைப் போன்ற தெளிவான திருஷ்டாந்தம் வேறில்லை. 1911-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால் துண்டாடப்பட்ட ஸ்டாண்டர்ட் ஆயில் ஸ்தாபனத்தின் சிதறல்களில் ஒன்றாகிய இக்கம்பெனி, எண்ணெய்க் குழாய்களை நடத்திவந்தது. பங்குதாரர்களுக்கு அது அனுப்பிய ஐந்தொகை நாலு வரிக்கு மேல் பேசாத ஊமை ஐந்தொகை. ஆனால் மாகாணங்களுக்கு இடைப்பட்ட வர்த்தகத்தைக் கண்காணித்த கமிஷனிடம் அது விவரமான அறிக்கை சமர்ப்பிக்கவேண்டியிருந்தது. வாஷிங்டனில் எவரும் புரட்டாமல் கிடந்த அந்த அறிக்கைகளைக் கிரஹாம் கேட்டு வாங்கிப் படித்தார். சந்தையில் 65 டாலருக்கு விற்ற ஒவ்வொரு பங்கின் பின்னாலும், குழாய்த் தொழிலுக்கு வேண்டாத ரயில்வே முதலிய கடன்பத்திரங்கள் மட்டுமே ஏறத்தாழ 95 டாலர் பெறுமானத்துக்கு முடங்கிக் கிடந்தன. அவற்றை உரியவர்களுக்குப் பகிர்ந்தளிக்கும்படி அவர் கேட்டதை நிர்வாகிகள் செவிமடுக்கவில்லை. பென்சில்வேனியாவிலுள்ள ஆயில் சிட்டி என்னும் சிற்றூரில் 1927 ஜனவரியில் நடந்த வருடாந்தரக் கூட்டத்துக்கு அவர் பனியில் பிரயாணம் செய்து போனபோது, அவருடைய தீர்மானத்தை ஆமோதிக்கக்கூட ஆளில்லை. அடுத்த வருஷம் போதிய வாக்குரிமைகளைத் திரட்டிக்கொண்டு திரும்பி வந்து, இரண்டு டைரக்டர் ஸ்தானங்களைப் பெற்றார். முடிவில் பங்கொன்றுக்கு 70 டாலர் பங்குதாரர் கைக்கு வந்து சேர்ந்தது. இதில் புத்திசாலித்தனத்தைவிடப் பொறுமைக்கே அதிகப் புகழ் சேரவேண்டும் என்பது எம் எண்ணம்.

பிறகு வந்தது 1929. அந்த வருஷம் செப்டம்பரில் 381 வரை ஏறியிருந்த டௌ ஜோன்ஸ் குறியெண், 1932 ஜூலையில் 41-க்கு இறங்கிற்று. கடன் வாங்கியும் முதலீடு செய்திருந்த கிரஹாமின் நிதியும் பத்தில் ஏழு பங்கு கரைந்தது. தொழில் கம்பெனிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை, கடையை மூடிக் கையிருப்பை விற்றால் கிடைப்பதைவிடக் குறைந்த விலைக்கு விற்றன என்று 1932-இல் அவர் எழுதினார். 1928 முதல் கொலம்பியாவில் அவர் நடத்திய வகுப்பில் குறிப்பெடுத்துவந்த டேவிட் டாடுடன் சேர்ந்து, 1934-இல் பங்கு, கடன்பத்திரங்களின் பரிசீலனையைப் பற்றிய பெருநூலைப் பிரசுரித்தார். ரொக்கம், சரக்கு, வரவேண்டிய பாக்கி ஆகியவற்றின் கூட்டுத் தொகையிலிருந்து கடன் முழுவதையும் கழித்து, மிஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்குக்குள் விலை இருந்தால் வாங்கலாம் என்ற சூத்திரம் அவருடையது. கட்டடமும் யந்திரமும் அந்தக் கணக்கில் இலவசம்! பெறுமானத்துக்கும் விலைக்கும் இடையே விடும் இந்த இடைவெளியைப் பாதுகாப்பு எல்லை என்றார்; பெறுமானத்தைத் துல்லியமாக அறிய முடியாதென்று ஒப்புக்கொண்டதனாலேயே அவர் அதைக் கேட்டார் என்பதைப் பின்வந்தோரில் பலர் மறந்துவிட்டனர். 1949-இல் சாமானியருக்காக எழுதிய நூலில், தினந்தோறும் வாசலில் வந்து ஒரு விலை கூறும் சித்தசுவாதீனம் குறைந்த கூட்டாளியாகச் சந்தையைச் சித்திரித்தார்.

இதற்கிடையே 1938-இல் ஜான் பர் வில்லியம்ஸ், ஒரு பங்கின் பெறுமானம் அது வருங்காலமெல்லாம் தரக்கூடிய டிவிடெண்டுகளை வட்டி கழித்து இன்றைய தொகையாக்கினால் வருவதே என்று நிறுவினார். தர்க்கம் அப்பழுக்கற்றது; வருங்காலம் தெரிந்தவர்தாம் கிடைப்பதில்லை.

கிரஹாமின் மாணாக்கர் வாரன் பபெட், ஆசானின் சூத்திரத்தின்படியே, நியூ இங்கிலாந்திலிருந்த பெர்க்ஷயர் ஹாத்தவே என்னும் பஞ்சாலையின் பங்குகளை 1962-இல் 7.50 டாலருக்கு வாங்கத் தொடங்கினார். நடைமுறை மூலதனமே பங்குக்கு 10.25 டாலர் இருந்தது. 1965-இல் ஆலை அவர் வசமாயிற்று. தொழிலோ தேய்ந்துகொண்டே போனது.

1972-இல் கலிபோர்னியாவின் சீஸ் மிட்டாய்க் கம்பெனி விலைக்கு வந்தபோது, அதன் தொட்டறியத்தக்க ஆஸ்தி 8 மில்லியன் டாலர்தான். கேட்ட விலை 30 மில்லியன். கிரஹாமின் ஐந்தொகைக் கண்ணுக்கு அது கொள்ளை விலை. ஆனால் அந்த 8 மில்லியன், வரி போக வருஷத்துக்கு 2 மில்லியன் சம்பாதித்தது. பெட்டியின்மேல் அந்தப் பெயர் இருந்தால் நாலு காசு கூடவும் கொடுக்க வாடிக்கைக்காரர் தயாராக இருந்தனர். பபெட்டின் கூட்டாளி சார்லி மங்கர் வற்புறுத்த, 25 மில்லியனுக்குப் பேரம் முடிந்தது. நல்ல கம்பெனியை வாங்கி விடாது வைத்திருக்கவேண்டும் என்று பிலிப் ஃபிஷர் 1958-இல் எழுதியிருந்த நூலும் இம்மாற்றத்துக்கு உரமிட்டது. ஒரு தொழிலை மூடினால் என்ன கிடைக்கும் என்ற கேள்வி போய், நடந்துகொண்டிருந்தால் என்ன கிடைக்கும் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது இங்ஙனமே.

பஞ்சாலை 1985-இல் மூடப்பட்டது. நல்ல நிலையிலிருந்த அதன் யந்திரங்கள் கணக்குப் புத்தகத்தில் 8,66,000 டாலர் என்று நின்றன. ஏலத்தில் வந்தது 1,63,122. நாலு வருஷத்துக்குமுன் ஒவ்வொன்றும் 5,000 டாலருக்கு வாங்கிய தறிகளை 50 டாலருக்கும் கேட்பாரில்லாமல், பழைய இரும்பாகத் தறிக்கு 26 டாலர் வீதம் தள்ளிவிட்டார்கள். அவற்றை அப்புறப்படுத்திய கூலி அதைவிட அதிகம்.