கிர்கிஸ்தான்: கோடையில் மலையேறும் நாடு

கிர்கிஸ்தான் நடு ஆசியாவில், தியான்ஷான் மலைத்தொடரின் மேல் அமைந்த நாடு. கடற்கரை கிடையாது. வடக்கே கஜகஸ்தான், மேற்கே உஸ்பெகிஸ்தான், தெற்கே தஜிகிஸ்தான், கிழக்கே சீனா. பரப்பு ஏறக்குறைய 2 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் 70 லட்சம். தலைநகர் பிஷ்கெக். சோவியத் ஒன்றியத்திலிருந்து 1991 ஆகஸ்ட் 31 அன்று விடுதலை பெற்றது. நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. நாட்டின் சராசரி உயரமே 2,750 மீட்டர். சீன எல்லையில் நிற்கும் ஜெங்கிஷ் சோகுசு (7,439 மீட்டர்) மிக உயர்ந்த சிகரம்.

விமானத் தொலைவை எடுத்துக்கொண்டால், டெல்லியிலிருந்து சென்னையைவிட பிஷ்கெக் கிட்டத்தில் இருக்கிறது. இருந்தும் இந்தியப் பயணிகளின் பட்டியலில் இந்த நாட்டின் பெயர் அரிதாகவே வரும். மலை பார்க்க விரும்புவோர் நேபாளத்துக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போகிறார்கள். பட்டுப்பாதையின் மேல் ஆசை கொண்டவர்கள் உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டிலும் புகாராவிலும் நின்றுவிடுகிறார்கள். சோவியத் காலத்தில் சீன எல்லையை ஒட்டிய பகுதிகள் வெளிநாட்டாருக்கு மூடப்பட்டிருந்ததும், இசிக்-குல் ஏரியில் கடற்படை தன் டார்பிடோக்களைச் சோதித்துவந்ததும் பழைய காரணங்கள்.

இன்னொரு காரணம் ஆழமானது. சமர்கண்டில் தைமூர் கட்டியவை இன்றும் நிற்கின்றன. எந்த மாதத்தில் போனாலும் பார்க்கலாம். கிர்கிஸ் மக்களோ நூற்றாண்டுகளாக மந்தையோடு இடம் மாறியவர்கள். அவர்களுடைய கலை, வீடு, காவியம் எல்லாம் குதிரைமேல் ஏற்றிக்கொண்டு போகக்கூடியவை. அவற்றைப் பார்க்க வேண்டுமானால் அந்த மக்கள் இருக்கும் இடத்துக்கு, அவர்கள் இருக்கும் பருவத்தில் போக வேண்டும். நினைவுச்சின்னங்களை எண்ணி ஊரை மதிப்பிடும் வழிகாட்டி நூல்களில் இந்த நாட்டுக்குச் சில பக்கங்களே கிடைப்பதற்கு இதுதான் காரணம். உலகில் இன்னும் உயிரோடு இருக்கும் மேய்ச்சல் வாழ்வை விருந்தாளியாக உள்ளே போய்ப் பார்க்க வாய்க்கும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் கிர்கிஸ்தான் முன்வரிசையில் நிற்கிறது.

ஜைலூ

உயரத்தில் இருக்கும் கோடை மேய்ச்சல் நிலத்துக்கு ஜைலூ என்று பெயர். ஜூன் தொடக்கத்தில் பனி விலகியதும் குடும்பங்கள் ஆடு, மாடு, குதிரைகளோடு மேலே ஏறும், செப்டம்பரில் இறங்கிவிடும். இவற்றுள் பெயர்பெற்றது நரின் மாநிலத்தின் சோங்-குல் ஏரிக்கரை. ஏரி 3,016 மீட்டர் உயரத்தில், சுமார் 270 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. சுற்றிலும் மரம் இல்லை, நிலையான ஊர் இல்லை. கோடையில் மட்டும் கரையெங்கும் வெள்ளைக் கூடாரங்கள் முளைக்கும். குளிர்காலத்தில் ஏரியே உறைந்துவிடும்.

இந்தக் கூடாரத்தை உலகம் யுர்ட் என்கிறது. கிர்கிஸ் மக்கள் போஸ் ஊய் என்கிறார்கள். சுவர், வில்லோ மரக் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் தோல் வாரால் முடிந்த பின்னல். மடக்கினால் ஒரு கட்டாகச் சுருங்கும். அதன்மேல் வளைந்த கழிகளைக் கட்டி, உச்சியில் துந்துக் என்னும் வட்ட மரவளையத்தில் செருகுகிறார்கள். வெளியே கம்பளி போர்த்துகிறார்கள். ஆணி வேண்டியதில்லை, கைப்பழக்கம் உள்ள ஒரு குடும்பம் ஓரிரண்டு மணி நேரத்தில் எழுப்பிவிடும். துந்துக் வழியாகப் புகை போகும், வெளிச்சம் வரும். மழை வந்தால் கயிற்றை இழுத்து மேல் கம்பளியால் மூடிவிடலாம். அது தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் பொருள். நாட்டின் கொடியில் சூரியனுக்குள் வரையப்பட்டிருப்பதும் அதுவே.

உள்ளே நுழைந்தால் வலப்பக்கம் பெண்களுடையது: பாத்திரம், பால், மாவு. இடப்பக்கம் ஆண்களுடையது: சேணம், கடிவாளம், சாட்டை. வாசலுக்கு நேர் எதிரே, அடுக்கிய மெத்தைகளுக்கு முன்னால் இருப்பது தோர், மரியாதைக்குரிய இடம். விருந்தாளியை அங்கேதான் உட்கார வைப்பார்கள். ரொட்டியும் பாலாடையும் பழப்பாகும் தேநீரும் முதலில் வரும். யார், எங்கிருந்து என்ற விசாரணை அதற்கு அப்புறம்தான்.

அடுத்து கிமிஸ் வரும். பெட்டைக் குதிரையின் பாலைப் புளிக்கவைத்த பானம். குட்டி பக்கத்தில் நின்றால்தான் தாய்க்குதிரை பால் சுரக்கும். ஆகையால் குட்டியைப் பகலெல்லாம் கட்டிவைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை கறக்கிறார்கள். ஒருமுறை கறந்தால் கிடைப்பது கொஞ்சம்தான். அதைப் புகையூட்டிய தோல் பையிலோ மரப் பீப்பாயிலோ ஊற்றி நெடுநேரம் கடைய வேண்டும். புளிப்பும் புகைவாடையும் மிக லேசான போதையும் கலந்த அந்தச் சுவை முதல் மடக்கில் எல்லோருக்கும் பிடித்துவிடாது. மறுத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் ஒரு வாயாவது குடித்துப் பார்க்க வேண்டும். அந்தப் புல்வெளியின் மொத்த உழைப்பும் அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது.

தரையில் விரித்திருக்கும் ஷிர்தக் விரிப்பை உற்றுப் பார்ப்பது பயன் தரும். ஆட்டு ரோமத்தை அடித்து, நாணல் பாயில் பரப்பி, வெந்நீர் தெளித்து, சுருட்டிக் கட்டி, உருட்டி மிதித்து அழுத்திக் கம்பளியாக்குகிறார்கள். சிவப்பு, கறுப்பு என இரு நிறக் கம்பளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஆட்டுக்கொம்பு வடிவங்களை ஒரே வெட்டாக வெட்டுகிறார்கள். சிவப்பிலிருந்து வந்த துண்டு கறுப்பின் இடைவெளியில் பொருந்தும். கறுப்பிலிருந்து வந்தது சிவப்பில். ஆக, ஒரு வெட்டிலிருந்து நிறம் மாறிய இரட்டை விரிப்புகள் பிறக்கின்றன. துளிக் கம்பளிகூட வீணாவதில்லை. ஓரங்களை முறுக்கிய நூலால் மூடித் தைக்க மாதங்கள் ஆகும். ஆலைக் கம்பளங்கள் மலிந்துவிட்டதாலும், தெரிந்தவர்கள் பெரும்பாலும் மூத்த பெண்களாக இருப்பதாலும், உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் 2012-இல் யுனெஸ்கோ இதைச் சேர்த்தது. நினைவுப் பொருள் என்று எதையாவது வாங்குவதானால் இதைத்தான் வாங்க வேண்டும், அதுவும் செய்தவர் கையிலிருந்தே.

இந்த வாழ்வு அறுபடாமல் தொடர்ந்து வந்ததென்று நினைத்துவிடக் கூடாது. 1930-களில் சோவியத் அரசு மேய்ப்பர்களைக் கட்டாயமாகக் கூட்டுப்பண்ணைகளில் குடியமர்த்தியது. 1991-க்குப் பிறகு பண்ணைகள் கலைந்தன, சம்பளம் நின்றது, நாட்டின் ஆட்டு மந்தை சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே சரிந்தது. சொந்த மந்தையோடு மறுபடி மலையேறியவர்களில் பலர், வேறு வழியின்றி ஏறியவர்கள். அந்த நெருக்கடியில்தான் கிராமத்தார் தங்கள் வீடுகளையும் கூடாரங்களையும் பயணிகளுக்குத் திறந்துவிடும் ஏற்பாடு உருவானது. சுவிட்சர்லாந்தின் ஹெல்வெட்டாஸ் அமைப்பு 2000-ஆம் ஆண்டில் துணைக்கு வந்தது; கொச்கோர் என்ற சிற்றூர் முன்னோடியானது. சி.பி.டி. என்ற மூன்றெழுத்தில் அறியப்படும் இந்த ஊர்க்குழுக்கள் இன்று நாடெங்கும் உள்ளன. தங்குமிடம், குதிரை, வழிகாட்டி எல்லாவற்றுக்கும் விலை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். பணத்தின் பெரும்பகுதி விருந்தோம்பிய குடும்பத்துக்கே போகும். சுற்றுலாவால் ஊர் கெட்டுப்போகும் கதைகளையே கேட்டுப் பழகிய நமக்கு இது மனநிறைவு தரும் விதிவிலக்கு.

மனாஸும் ஐத்மாத்தவும்

கிர்கிஸ் மக்களின் பெருங்கோயில் என்று சொல்லத்தக்கது மனாஸ் காவியம். மனாஸ், மகன் செமெதெய், பேரன் செய்தெக் ஆகிய மூவரின் கதை. சயாக்பாய் கராலயேவ் என்ற பாடகர் சொல்லக் கேட்டு எழுதிய வடிவம் மட்டும் 5 லட்சம் வரிகளைத் தாண்டுகிறது. பாடுகிறவர் மனாஸ்சி. கையில் இசைக்கருவி இல்லாமல், உட்கார்ந்தபடி, குரலாலும் கையசைவாலும் மட்டுமே போர்க்களத்தைக் கண்முன் கொண்டுவருவார். பலர், கனவில் மனாஸ் தோன்றி அழைத்ததால் பாட வந்ததாகச் சொல்வார்கள். மொழி புரியாதவரையும் தாளம் இழுத்துக்கொள்ளும்.

சிங்கிஸ் ஐத்மாத்தவ் (1928–2008) தமிழ் வாசகர்களுக்குப் புதியவர் அல்லர். ‘ஜமீலா’, ‘முதல் ஆசிரியர்’, ‘அன்னை வயல்’, ‘குல்சாரி’ ஆகியவை சோவியத் பதிப்பகங்களின் வழியாகத் தமிழில் வந்து, பல வீடுகளின் அலமாரிகளில் இடம்பிடித்தவை. தலாஸ் பள்ளத்தாக்கின் ஷெகெர் கிராமத்தில் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது தந்தை தொரெகுல், ஸ்டாலின் கால வேட்டையில் கைதாகி, 1938-இல் சுட்டுக்கொல்லப்பட்டார். உடல் எங்கே என்று குடும்பத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் தெரியவில்லை. பிஷ்கெக்குக்கு வெளியே சோங்-தாஷ் கிராமத்தில், பழைய செங்கல் சூளையொன்றில் உடல்கள் புதைக்கப்பட்டதை அறிந்த காவலாளி ஒருவர் அதைத் தன் மகளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மகள் 1991-இல் வாய் திறந்தார். 130-க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்தன. அவர்களில் தொரெகுலும் ஒருவர். அந்த இடம் இன்று அதா-பெயித் நினைவகம். 2008-இல் மகனையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். ஐத்மாத்தவைப் படித்த தமிழர் எவரும் பிஷ்கெக்கில் ஓர் அரைநாளை இதற்கு ஒதுக்காமல் திரும்பக் கூடாது.

பிற இடங்கள்

இசிக்-குல் ஏரி 1,607 மீட்டர் உயரத்தில் 180 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. ஆழம் 668 மீட்டர். மலைகளிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட ஆறுகளும் ஓடைகளும் இதில் விழுகின்றன. வெளியேறும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஆழத்தாலும் லேசான உப்பாலும் கடுங்குளிரிலும் உறைவதில்லை. பின்னாளில் காஞ்சிபுரம்வரை வந்த சீனத் துறவி யுவான் சுவாங், 630-ஆம் ஆண்டு வாக்கில் தியான்ஷான் பனியைக் கடந்து, உடன் வந்தோரில் பலரைப் பறிகொடுத்து, இந்தக் கரையை அடைந்தார். வடகரை விடுதிகளும் நீச்சல் கூட்டமுமாக இருக்கும். அமைதி வேண்டுவோர் தென்கரைக்குப் போகலாம்.

கிழக்கு முனையின் கரகோல் நகரத்தில், சீனாவிலிருந்து வந்த துங்கான் முஸ்லிம்கள் ஆணி இல்லாமல் மரத்தால் கட்டிய மசூதி பகோடாவின் சாயலில் நிற்கிறது. ஞாயிறு விடியலில் கூடும் கால்நடைச் சந்தை, நடைப்பயணம் போகாதவர்களுக்கும் மேய்ச்சல் உலகத்தைக் காட்டிவிடும். சீனாவுக்குப் போகும் வழியில், 3,000 மீட்டருக்கு மேலே பள்ளத்தாக்கில் பாதி புதைந்தாற்போல இருக்கும் தாஷ் ரபாத், 15-ஆம் நூற்றாண்டுக் கல் சத்திரம். தோக்மோக் அருகே கரகானிது அரசர்களின் பலாசகுன் நகரத்தில் மிஞ்சியது புரானா கோபுரம். நிலநடுக்கங்களில் பாதி உயரம் போய், சுமார் 25 மீட்டர் நிற்கிறது.

தெற்கே இருப்பது வேறு உலகம். ஓஷ் நகரம் உஸ்பெக் மக்கள் நிறைந்த பழைய வணிகத்தலம். நடுவில் எழும் சுலைமான்-தூ குன்று 2009 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். பக்கத்து அந்திஜானில் பிறந்த பாபர், இந்தியாவை நினைக்காத இளவயதில் இந்தக் குன்றில் சிறு அறையொன்று கட்டிக்கொண்டார். தன் வரலாற்றில் ஓஷின் காற்றையும் நீரையும் புகழ்ந்திருக்கிறார். வடக்கே அர்ஸ்லான்போபில் உலகின் மிகப் பெரிய இயற்கை வால்நட் காடுகளுள் ஒன்று. இலையுதிர் காலத்தில் ஊர்க் குடும்பங்கள் காட்டிலேயே தங்கிக் காய் பொறுக்குகின்றன.

பயணக் குறிப்புகள்

இந்தியர்கள் மின்விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். சீன எல்லையை ஒட்டிய மலைகளுக்குத் தனி அனுமதிச் சீட்டு தேவை. அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். பணம் சோம். கிர்கிஸ், ரஷ்ய மொழிகள் இரண்டும் சிரிலிக் எழுத்தில் இருக்கும். எழுத்துகளைக் கற்றுக்கொண்டால் பேருந்துப் பலகையைப் படித்துவிடலாம். பிஷ்கெக், ஓஷ் நகரங்களில் தமிழ்க் குரலும் காதில் விழும்; மருத்துவம் படிக்க வந்த மாணவர்கள்.

பாதுகாப்பைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2005, 2010, 2020 ஆகிய ஆண்டுகளில் மக்கள் எழுச்சியால் ஆட்சிகள் விழுந்தன. 2010 ஜூனில் ஓஷில் கிர்கிஸ்–உஸ்பெக் மோதலில் நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2024 மே மாதத்தில் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர் விடுதிகளைக் கும்பல் தாக்கியது. தஜிக் எல்லையில் 2021, 2022-இல் நடந்த சண்டைகளுக்குப் பின் 2025 மார்ச்சில் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. இவற்றைத் தெரிந்துகொண்டு, புறப்படுமுன் செய்திகளைப் பார்த்துக்கொண்டு போவது நல்லது. மலையில் இருக்கும் அபாயம் வேறு: உயரம். முதல் நாளே 3,000 மீட்டருக்கு ஏறினால் தலைவலியும் மூச்சிறைப்பும் வரலாம். ஜூலையிலும் பனி பெய்யும். கனத்த உடை கட்டாயம்.

சைவ உணவுக்காரர்கள் சிரமப்படுவார்கள். ஆட்டிறைச்சி, குதிரை இறைச்சி, நூடுல்ஸ், பிலாவ் இவைதான் சாப்பாடு. தந்தூர் ரொட்டி, பாலாடை, தக்காளி வெள்ளரிக்காய், சந்தையின் உலர்பழங்கள் எங்கும் கிடைக்கும். முன்கூட்டியே சொல்லிவைத்தால் குடும்பத்தார் உருளைக்கிழங்கு வறுத்துத் தருவார்கள்; பருப்புப்பொடி கையோடு கொண்டுபோனால் சமாளிக்கலாம்.

ஒரு வாரம்தான் கையில் இருக்கிறதென்றால் பட்டியலைச் சுருக்குவதே சரி. பிஷ்கெக்கிலிருந்து கொச்கோர் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். மர்ஷ்ருத்கா என்னும் சிற்றுந்து போகிறது. அங்கே ஊர்க்குழுவிடம் வண்டியோ குதிரையோ பேசிக்கொண்டு, ஜூலையில் சோங்-குல்லுக்கு ஏறி, ஒரே குடும்பத்தோடு மூன்று இரவாவது தங்க வேண்டும். முதல் நாள் காட்சிகளில் போய்விடும். பால் கறக்கும்போதும் கம்பளி மிதிக்கும்போதும் கூட நிற்க அழைப்பு வருவது இரண்டாம் நாளுக்குப் பிறகுதான்.