குர்முக்: முகம் எந்தப் பக்கம்?

சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிப்பை மூலத்தில் படிக்க விரும்பும் வெளியாள் முதலில் பழகுவது குர்முகி எழுத்து. 'முக்' நம் முகம்தான். வடமொழியில் அதற்கு வாய் என்றும் பொருள். குருவின் வாய்மொழியை எழுதியதால் குர்முகி. சீர்படுத்தியவர் இரண்டாம் குரு அங்கத் (1504–1552). மூல எழுத்துகள் 35. அதனால் அரிச்சுவடிக்கே 'பைந்தி', அதாவது முப்பத்தைந்து, என்று பெயர். இது சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

வம்பு பிறகுதான். நூலுக்குள் 'குர்முக்' என்பது ஆள்: குருவை நோக்கி முகம் திருப்பியவர். மனம்போன பக்கம் திரும்பியவர் 'மன்முக்'. தமிழருக்கு இதுவும் எளிதே. ஆனால் ஏட்டில் 'குர்முக்' என்ற சொல்லின் கடைசியில் பெரும்பாலும் ஓர் இகரக் குறி நிற்கும்; ஓதுவோர் அதை ஒலிப்பதில்லை. பல இடங்களில் அது நம் 'ஆல்' உருபின் வேலையைச் செய்கிறது: 'குருவின் வழியால்'. 'நானக்' என்ற பெயரைப் பாருங்கள். ஈற்றில் உகரக் குறி இருந்தால் எழுவாய்; இகரமானால் 'நானக்கால்'; வெறுமனே நின்றால் பெரும்பாலும் விளி. காதுக்கு மூன்றும் ஒன்றே. இன்றைய பஞ்சாபியில் இந்தக் குறிகள் உதிர்ந்துவிட்டன. அமிர்தசரஸில் பிறந்த பிள்ளையும் இங்கே நம்மோடு சேர்ந்து விழிக்கும்.