செண்டுமல்லியும் மூணாறு கல்லறைகளும்

அக்டோபர் கடைசி வாரம் வந்தால் போதும், இங்கே கலிபோர்னியாவில் நம்மவர் வீடுகள் பலவற்றுக்கு ஒரு மண்டையோடு வந்து சேரும். பள்ளியில் பிள்ளைகள் வண்ணம் தீட்டிக் கொண்டுவருவது. கண்ணைச் சுற்றிப் பூ, பல் தெரிய ஒரு சிரிப்பு. "வீட்டுக்குள்ள இந்தக் கண்றாவி எதுக்கு?" என்று ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிமார் முகம் சுளிப்பார்கள். சுளிக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

அது மெக்சிகோக்காரர்களின் இறந்தோர் நாள். நவம்பர் 1, 2 தேதிகளில் வரும். மேசையில் இறந்தவர் படத்தை வைத்து, அவருக்குப் பிடித்த சாப்பாடு, மெழுகுவத்தி, ஆரஞ்சு நிறப் பூ எல்லாம் படைப்பார்கள். ஸ்பானியர் வருமுன்பே அங்கே முன்னோருக்குப் படைக்கும் வழக்கம் இருந்தது. கத்தோலிக்க நாட்காட்டியோடு சேர்ந்து அது நவம்பருக்கு வந்துவிட்டது.

பூத்தொப்பி போட்ட அந்த எலும்புக்கூட்டுச் சீமாட்டியை 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முதலில் செதுக்கியவர் ஹோசே குவாதலூப்பே போசாதா. ஐரோப்பிய மோகம் பிடித்தவர்களைக் கிண்டல் செய்யத்தான்! 1947-ல் தியேகோ ரிவேரா தன் சுவரோவியத்தில் அவளுக்கு முழு உருவம் கொடுத்தார். அமெரிக்காவில் இது பரவியதில் கலைக்கூடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. லாஸ் ஏஞ்சலஸின் கிழக்குப் பகுதியில் 'செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ்' என்ற கூடம், கேரன் பொக்காலெரோ என்ற கன்னியாஸ்திரீ முன்னின்று நடத்தியது, 1970-களின் தொடக்கத்திலேயே இந்த விழாவைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. 1975 முதல் ஒரு வேனில் வண்ணமும் காகிதமும் ஏற்றிக்கொண்டு பிள்ளைகளைத் தேடியும் போனார்கள். தாய்மொழி நழுவிக்கொண்டிருந்த குடியேறிகளின் பிள்ளைகளுக்குப் பாட்டன் பூட்டனை நினைவில் வைக்க அது ஒரு வழி.

சரி, இதற்கும் நமக்கும் என்ன? நவம்பர் 2 நமக்குப் புதிய தேதியே இல்லை. மூணாறு பக்கம் வளர்ந்த யாரையும் கேளுங்கள், கல்லறைத் திருநாள் என்பார்கள். கல்லறையைக் கழுவி, சுண்ணாம்படித்து, மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றும் நாள். பாலக்காட்டுப் பக்கம் அது ஆடி அமாவாசை, மலையாளத்தில் கர்க்கடக வாவு. பாரதப்புழைக் கரையில் எள்ளும் சோறும் வைத்துக் காக்கையை அழைப்பார்கள். மறையூருக்குப் போனால் இன்னும் பழையது இருக்கிறது. கோவில்கடவில் பாம்பாற்றங்கரைப் பாறைகளில் நிற்கும் முனியறைகள், நான்கு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடியவை, பெருங்கற்காலத்தவர் தம் இறந்தோருக்கு எழுப்பியவை. முனிவர் தங்கிய அறை என்று பின்னால் வந்தவர்கள் கதை கட்டிக்கொண்டார்கள். கல் நின்றது, பெயர் நிற்கவில்லை.

மூணாறில் பெயர் நின்ற கல்லறையும் உண்டு. சி.எஸ்.ஐ. தேவாலயத்துக்கு மேலே உள்ள குன்றில் எலினோர் நைட் என்ற இளம் ஆங்கிலப் பெண் கிடக்கிறார். எஸ்டேட் மேலாளரின் மனைவி, 1894-ல் காலராவில் இறந்தவர். தேவாலயத்துக்கு அடிக்கல் நட்டதே 1910-ல்தான், கல்லறை அதற்கும் முந்தியது! அதே காலத்தில் போடியிலிருந்து மலையேறிய நம் ஆட்களும் காய்ச்சலிலும் காலராவிலும் செத்தார்கள். கங்காணியின் கணக்கில் பேர் இருந்திருக்கும், கல்லில் இல்லை. என் பூட்டன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அவரை எந்தத் தேயிலை மேட்டில் புதைத்தார்கள் என்று என் அப்பாவுக்கே தெரியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலிசெய்ய வேண்டும். குடும்பம் மலையிறங்கிய பிறகு கல்லறையை யார் பார்ப்பது?

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. 70 பேர். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. நான்கு பேரின் உடல் கிடைக்கவேயில்லை. கிடைத்தவர்களை ராஜமலையில் அருகருகே அடக்கம் செய்தார்கள். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, நினைக்க ஓர் இடமும் இருக்கிறது. அதற்கு முந்திய தலைமுறைகளுக்கு நாம்தான் இருக்கிறோம்.

இன்னொரு வேடிக்கை. மெக்சிகோக்காரர்கள் படைக்கும் அந்த ஆரஞ்சுப் பூ நம் செண்டுமல்லிதான், துலுக்கச் சாமந்தி என்றும் சொல்வோமே அதுவே. அதன் தாயகம் மெக்சிகோ, ஐரோப்பியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. ஓணத்துக்கு வாளையார் வழியாகப் பாலக்காட்டுக்கும் குமுளி வழியாக இடுக்கிக்கும் கூடைகூடையாகப் போகிறது. பள்ளிப் பிள்ளைகள் பூக்களம் போடுவதும் இதைக் கொண்டுதான்.

ஆகவே பிள்ளை மண்டையோடு கொண்டுவந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதன் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, நம் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். சொந்த ஊர், எந்த எஸ்டேட், எந்த லயம், எங்கே அடக்கம், தெரிந்தவரை எல்லாம். தெரியாததைக் கேட்க ஊரில் இன்னும் பெரியவர்கள் இருக்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஃபோன் போட்டுவிடுங்கள்.