பேணியில் சுழன்ற வெளிச்சம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

நத்தார் மாதம் வந்தால் தன்னாமுனையில் வாசலுக்கு வாசல் நட்சத்திரக் கூடு தொங்கும். மே மாதம் வந்தால் பேலியகொட, தொட்டலங்க வெசாக் தோரணங்களைத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். பல்புகள் எரிந்து அணைய, சக்கரம் சுழல்வது போலவும் தாமரை விரிவது போலவும் தெரியும். உண்மையில் ஒரு பல்பும் இடம் மாறுவதில்லை. அப்படியென்றால் நகர்வது எது? சிறுவயதில் நாங்கள் அதைக் கேட்டதே இல்லை.

பழைய தோரணங்களின் பின்னால் ஓர் உருளை இருந்தது. அதன்மேல் உலோகத் தகடுகளை வெட்டிப் பதித்திருப்பார்கள். மோட்டார் உருளையைச் சுற்றும். தகடு தொடும்போது மின்சாரம் பாயும், விலகினால் நிற்கும். தோரணக்காரர் ஒவ்வொரு படத்தையும் வரைவதில்லை. விதியை உருளையில் பதித்து விடுகிறார். வெளிச்சப் படத்தை அந்த விதி வரைகிறது.

இந்த யோசனை மின்சாரத்தை விட மூத்தது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவரும் தானாக இசைக்கும் ஒரு குழல் கருவியைப் பற்றி எழுதினார்கள். தண்ணீரின் விசையால் ஓர் உருளை சுழலும். அதில் பதித்த முளைகள் குழலின் துளைகளைத் திறந்து மூடும். முளைகளை மாற்றினால் இசையும் மாறும். 1206இல் அல்-ஜஸரீ தனது நூலில் படகில் அமர்ந்து இசைக்கும் பொம்மைகளை விவரித்தார். அங்கேயும் முளை பதித்த உருளைதான்.

1804இல் பிரான்சில் ஜக்கார்ட் துளையிட்ட அட்டைகளால் தறியில் பூவேலை நெய்ய வைத்தார். மருதமுனைத் தறிகளைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். 1930இல் மொஹோலி-நாகி என்ற கலைஞர், மோட்டாரால் சுழலும் உலோகச் சிற்பம் ஒன்றில் வர்ண ஒளியைப் பாய்ச்சி பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். 2006இல் பிரையன் ஈனோ கணினியிடம் விதியைக் கொடுத்து, '77 மில்லியன் ஓவியங்கள்' என்ற பெயரில் மாறிக்கொண்டே இருக்கும் ஒளி ஓவியங்களை உருவாக்கினார்.

பக்தாதிலிருந்து பேலியகொடவுக்கு நேர்ப்பாதை இருந்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஒரே யோசனை பல ஊர்களில், பல கைகளில் முளைத்திருக்கிறது. ஆனால் பனூ மூஸா பெயர் வந்ததும் "எல்லாம் நாங்கள் கண்டுபிடித்ததுதான்" என்று ஒரு படம் பகிர்ந்துவிட்டு உறங்கப் போவது எமக்குப் பழகிவிட்டது. அந்தச் சகோதரர்கள் அப்படி இருக்கவில்லை. கிரேக்க நூல்களைத் தேடிச் சேர்த்தார்கள். அப்பலோனியஸின் கூம்பு வெட்டு நூலை அரபிக்குக் கொண்டுவர உழைத்தார்கள். அயலாரின் அறிவைப் படித்து, செய்து பார்த்துத்தான் அறிஞரானார்கள்.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது நினைவிருக்கும். அந்த நாட்களில்தான் வகுப்பில் இரண்டு பால்மா பேணிகளை எடுத்தோம். ஒன்றைச் சுற்றி 8 படி, மற்றதில் 12 படி. வெள்ளித்தாள் ஒட்டி, டோர்ச் பல்பும் பற்றரியும் கொழுவி, இரண்டையும் ஒவ்வொரு படியாகச் சேர்த்துத் திருப்பினோம். முதலில் தெரிந்த கோலம் எத்தனையாவது படியில் திரும்ப வரும்? "96 சேர்" என்றார்கள் பலர். எண்ணிப் பார்த்தோம். 24இலேயே வந்துவிட்டது. 12ஐ 9 ஆக்கினோம். 72 வரை வரவில்லை!

"சேர், இது பொ.ம.சி. தானே?" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல். அதுவரை கணிதப் பாடத்தில் வாயே திறக்காத பிள்ளை. பொது மடங்குகளுட் சிறியதை எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதினோம்! அந்தப் பிள்ளைக்கு அது அன்றுதான் கண்ணில் பட்டது. பிழை பிள்ளையிடம் இருக்கவில்லை, எங்களிடம் இருந்தது.

இன்று தோரணங்களுக்கு மின்னணுச் சுற்றுகள் வந்துவிட்டன. உருளையில் தகடு வெட்டிப் பதித்த கைகள் மூப்படைந்துவிட்டன. அந்த வேலை தெரிந்த சிங்கள, தமிழ், முஸ்லிம் பெரியவர்கள் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் சொல்லுங்கள். பிள்ளைகளோடு நாங்களே வந்து, பக்கத்தில் இருந்து படித்துக்கொள்கிறோம்.